ஃபேக்டரி கேட்டெல்லாம் இறங்குங்க

எனக்குப் பேச்சு வந்ததே கிசுகிசுப்பாகத்தான் வந்தது என்று அம்மா சொல்வாள். பள்ளியில் சேர்த்த புதிதில் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தாராம். அதற்கு அப்பாவும் கிசுகிசுப்பாகவே பதில் சொல்ல, டீச்சர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையாம். பரம்பரை வியாதி என்று நினைத்திருப்பார்.

கோளாறு தொண்டையில் இல்லை, எங்கள் வீட்டின் நேரக்கணக்கில் இருந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. விடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் மதியம் தாண்டித்தான் எழுந்திருப்பாள். அப்பாவுக்கு டின் தொழிற்சாலையில் மத்தியான ஷிஃப்ட். பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வெளியே விடுவார்கள். ஆக, காலை முழுக்க அப்பா வீட்டில் இருப்பார், அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். அம்மா எழுந்திருக்கும்போது அப்பா கிளம்பிப் போயிருப்பார். இருந்ததோ ஒரே அறை, குறுக்கே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் தூக்கம், இந்தப் பக்கம் நானும் அப்பாவும் பூனை நடை நடந்து சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பாடம் படித்து முடிப்போம். கையிலிருந்து ஒரு கரண்டி நழுவி விழுந்தால் போதும், அப்பாவின் முகத்தில் ஈயாடாது.

தொழிற்சாலையிலாவது வாய் திறந்தாரா என்றால் அதுவும் இல்லை. அப்பா பார்த்தது டின்னுக்கு மூடி வெட்டும் மெஷின். அந்தக் கூடத்தில் அடிக்கிற சத்தத்தில் காதுக்குள் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைபாஷைதான். காலரைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். யாராவது கையைத் தூக்கிக் காற்றில் சாவியைத் திருகினால் அது அப்பாவுக்கு மட்டும் உரிய சேதி. உன் பெண்டாட்டி கேட்டுக்கு வந்துவிட்டாள், கிளம்பு.

ஏன் சாவி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பூட்டுக்கு ஒரே சாவி. இரண்டாவது சாவியை நான் தவழுகிற வயதில் சாக்கடையில் போட்டுவிட்டேனாம். மறு சாவி செய்ய வேண்டும் என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், செய்யத்தான் இல்லை. இத்தனைக்கும் ஃபேக்டரி கேட்டை ஒட்டியே ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர் பெட்டிக்கடை வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் எட்டு மணிக்கு முன்னால் அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு, என்னையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். எங்கள் ஸ்டாப் தண்ணீர்த் தொட்டி. அடுத்தது ஃபேக்டரி கேட். அதற்கடுத்தது கடைசி ஸ்டாப். அம்மா போக வேண்டிய ஆஸ்பத்திரியோ நேர் எதிர்த்திசையில் இருந்தது. அவள் கேட்டில் இறங்கி நிற்பாள். சங்கு ஊதும், அப்பா வெளியே வருவார். சாவியும் நானும் கை மாறுவோம். அந்த பஸ் கடைசி ஸ்டாப்புக்குப் போய்த் திரும்பி வரும்வரைக்கும் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள். பஸ் வந்ததும் அம்மா ஏறிப் போய்விடுவாள். என் அப்பா அம்மாவின் குடும்ப வாழ்க்கை என்பது ஒரு பஸ் திரும்புகிற நேரம்தான்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தபோது அவர் சட்டையில் அடித்த எண்ணெய் வாடையும், அம்மா தலையிலிருந்து வந்த சோப்பு வாடையும் கலந்து ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது மெஷின் எண்ணெயும் சோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என் கால் நின்றுவிடுகிறது. நான் வளர்ந்து, தூக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போன பிறகும் அம்மா கேட்டில் இறங்குவதை நிறுத்தவில்லை. நான்தான் வீட்டில் இருந்தேனே, சாவியைக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் வெளியே பூட்டி என்னை உள்ளே வைத்துவிட்டுப் போவாள். இதென்ன கூத்து என்று நான் கத்தியிருப்பேன், எங்கள் வீட்டில்தான் கத்துகிற வழக்கமே இல்லையே.

நான் படித்து முடித்து ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருடம், டின் தொழிற்சாலையை மூடினார்கள். எல்லோரும் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டார்கள், டின் யாருக்கு வேண்டும் என்று முதலாளி சொன்னாராம். அப்பாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடைசி நாள் ஒரு டிபன் டப்பா, ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்போடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கும் அம்மா கேட்டுக்குப் போயிருந்தாள். பஸ் திரும்பி வந்தும் அவள் ஏறவில்லையாம், அடுத்த பஸ்ஸில்தான் போனாளாம்.

வேலை போனவர்களுக்கென்று ஒரு மறுபயிற்சி மையம் நடத்தினார்கள். அப்பா முதலில் கம்ப்யூட்டரில் தட்டச்சு கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். மூடி வெட்டும் மெஷினில் கையை வெளியே எடுத்த பிறகுதான் காலால் பெடலை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும். அந்தப் பழக்கத்தில் இவர் ஒவ்வொரு எழுத்தையும் தட்டும் முன் கையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் தரையை ஓங்கி மிதித்திருக்கிறார். எழுத்து வராததால் இன்னும் ஓங்கி மிதித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு டின் ஆளும் அதையே செய்துகொண்டிருந்தாராம். இருவரையும் மரியாதையாக வேறு வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

மீதி இருந்தவை இரண்டே வேலைகள். ஒன்று, மூடிய தொழிற்சாலையின் கிடங்குக்கு இரவுக் காவல். வந்து கையெழுத்துப் போட்டால் போதும், வேலை உறுதி. இன்னொன்று, ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கண்டக்டர். பயிற்சி உண்டு, ஓடுகிற பஸ்ஸில் வைத்துப் பரீட்சை உண்டு, தேறினால்தான் வேலை. காலை ஷிஃப்ட், மத்தியானத்தோடு முடிந்துவிடும். அம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அவள் பகல் மனுஷியாக மாறப்போகிற நேரத்தில் இவர் காவல் வேலைக்குப் போனால் இரவு மனுஷனாகிவிடுவார். பழையபடி ஒருத்தர் தூக்கத்தை ஒருத்தர் காவல் காக்கிற பிழைப்புதான். அப்பா அதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் கிசுகிசுப்பாக.

"உங்கம்மா முழிச்சிருக்கும்போது அவ மூஞ்சிய ஒரு நாள் முழுக்கப் பாத்ததே இல்லம்மா. எனக்குக் கண்டக்டர் வேலைதான் வேணும்."

 எனக்குக் கோபம் வந்தது. ஸ்டாப் பெயரைச் சொல்லிக் கூவுவதுதானே கண்டக்டர் வேலையில் பாதி? ஊரில் இருக்கிற இத்தனை வேலையில் இவருக்கு இதுதானா கிடைத்தது?

பயந்தபடியே ஆயிற்று. பயிற்சி கொடுத்தவருக்கு விசில்காரர் என்று பெயர். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர், குரலோ வெண்கலம். டிக்கெட் மெஷின், சில்லறை, விசில் எல்லாவற்றையும் அப்பா சீக்கிரமே பிடித்துக்கொண்டார். ஸ்டாப் பெயரைச் சொல்லும்போது மட்டும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் குடும்ப ரகசியம் சொல்வதுபோல் சொன்னார். இறங்க வேண்டியவர்கள் எல்லாம் தாண்டிப்போய் இறங்கித் திட்டினார்கள். ஒருமுறை மணிக்கூண்டு ஸ்டாப்பில் அப்பா வாயே திறக்காமல் கையால் ஏதோ ஜாடை காட்டினாராம். அது டின் கூடத்தில் மெஷினை நிறுத்து என்பதற்கான ஜாடை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஊமை கண்டக்டர் என்று இரக்கப்பட்டு அமைதியாக இறங்கிப் போனார்கள். விசில்காரர் தலையில் அடித்துக்கொண்டு, அண்ணே, ஒரு வாரம் டைம் தர்றேன், அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினமும் சாயங்காலம் அப்பாவை ரயில் பாதைக்குப் பக்கத்து மைதானத்துக்கு இழுத்துப்போவேன். கத்துங்க என்றால் அசடு வழிவார். ரயில் வந்தால் மட்டும், அந்தத் தடதடப்பில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், தொண்டை கிழியக் கூவுவார். ரயில் போய்விட்டால் குரலும் அதோடு போய்விடும். ஒரு நாள் ரயில் கடந்துபோனது தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு கூவிக்கொண்டே இருந்தார். மணிக்கூண்டெல்லாம் இறங்குங்க, தண்ணித் தொட்டியெல்லாம் இறங்குங்க என்று அந்த மைதானமே கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, யாரு கத்தினது என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவின் உண்மையான குரலை முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். நல்ல குரல். இத்தனை வருடம் அதை எங்கே மடித்து வைத்திருந்தார் என்று இருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் வந்தது, கடையில் வந்தது, மொட்டைமாடியில் வந்தது. வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. அம்மாவே ஒரு யோசனை சொன்னாள். நான் தூங்கும்போது கூப்பிடுங்க, நான் எழுந்தா நீங்க பாஸ் என்றாள். அப்பா திரைக்கு முன்னால் போய் நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அப்புறம் திரையை மெல்ல விலக்கி, அம்மா முகத்தில் விழுந்திருந்த வெயிலை மறைக்கும்படி அதை இழுத்துவிட்டு, பூனை மாதிரித் திரும்பி வந்துவிட்டார். நான் பார்த்த பார்வையில் அவர் எரிந்து போயிருக்க வேண்டும்.

பரீட்சை வைக்க விசில்காரர் தேர்ந்தெடுத்தது, பார்த்துப் பார்த்து, அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் அதே காலை பஸ். அடுத்த பஸ்ஸில் வந்தால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். என் பஸ்ஸுல நான் வராம யார் வர்றது என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா விடியும் முன்பே கிளம்பிப் போய்விட, நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய் அம்மாவோடு ஏறிக்கொண்டேன். அம்மா சாவியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏறும்போதே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள், நான் தூங்கிட்டா நீ எழுப்பக் கூடாது, எழுப்ப வேண்டியது கண்டக்டர் வேலை என்று.

பஸ் இரண்டு ஸ்டாப் போவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். இரவெல்லாம் ஈரத் துணி பிழிந்த உடம்பு. ஜன்னல் கம்பியில் தலை, லேசாகத் திறந்த வாய், மடியில் பை. விசில்காரர் முன் சீட்டில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அப்பா காக்கிச் சட்டையில் ஆளே மாறிப்போயிருந்தார். மணிக்கூண்டெல்லாம் இறங்குங்க என்று பஸ் அதிரக் கூவினார். இத்தனைக்கும் அவர் நின்றது முன்பக்கம், அம்மா கடைசிக்கு முந்தின சீட்டில். பிறகு டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்னால் வந்தார். வந்தவர் அம்மாவைப் பார்த்துவிட்டார்.

அடுத்து தண்ணீர்த் தொட்டி. அப்பா அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். வாயைத் திறந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் திரைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். அப்பா கூப்பிடுங்க, கூப்பிடுங்க என்று மனசுக்குள் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி வந்தது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. பஸ் கிளம்ப அப்பா மெல்ல விசில் கொடுத்தார், அதையும் கையால் பொத்திக்கொண்டு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டே எங்கள் தெருவைத் தாண்டிப் போனாள். முன் சீட்டில் பேனா அசைவதைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பஸ் ஃபேக்டரி மதிலை ஒட்டித் திரும்பியது. அப்பா சட்டென்று முன்னால் போனார், நல்ல தூரம் தள்ளி நின்றுகொண்டார், முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஃபேக்டரி கேட்டெல்லாம் இறங்குங்க!"

மூடின நாளிலிருந்து அங்கே யாரும் இறங்குவதில்லை. டிரைவரே திடுக்கிட்டுத்தான் நிறுத்தினார். அம்மா கண்ணைத் திறந்தாள். ஜன்னல் வழியே பூட்டிய கேட்டைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு, என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, இறங்கிப் போய் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள்.

கடைசி ஸ்டாப்பில் பஸ் நின்றதும் விசில்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். தண்ணித் தொட்டிய ஏன் கூப்பிடல அண்ணே? அந்தம்மா அங்க இறங்கறவங்க, நானே தினமும் பாக்கறேன். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"அவ என் சம்சாரம் சார். இன்னும் ஒரு ஸ்டாப் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

விசில்காரருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. சொந்தக்காரங்க, தெரியாதவங்கன்னு பஸ்ஸுல கிடையாது அண்ணே, ஒரு ஆள் ஸ்டாப்பைத் தவற விட்டா நான் ஃபெயில்தான் போடணும், உங்க மேல எனக்கு என்ன விரோதம் என்று வருத்தப்பட்டார். சரி சார் என்றார் அப்பா, பழைய கிசுகிசுப்பில். இரவுக் காவல்தான் என்று எனக்கு முடிவாகிவிட்டது. கிடங்குச் சுவரும் டார்ச் லைட்டுமாக அப்பாவின் மிச்ச வயசு என் கண் முன்னால் ஓடியது.

பஸ் திரும்பியது. ஃபேக்டரி கேட்டில் அம்மா கையைக் காட்டி நிறுத்தி ஏறினாள். ஏறினவுடன் அப்பா முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், விசில்காரர் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேராக முன் சீட்டுக்குப் போனாள்.

"என்ன தம்பி, என்னைப் பத்தியா எழுதறீங்க? நான் ஒண்ணும் தாண்டிப் போயி இறங்கலயே. எனக்கு அங்கதான் இறங்கணும்."

மூடிக் கிடக்கிற ஃபேக்டரியில என்னம்மா வேலை என்று விசில்காரர் கேட்டார்.

"நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சாவி கொடுக்கிற எடம் அது. இவ கைக்குழந்தையா இருந்ததுல இருந்து அங்கதான் இறங்கறேன். இன்னிக்கு அவர் வெளியே வரல, பஸ்ஸுல இருக்காரு. அவ்வளவுதான் வித்தியாசம்."

சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து, பஸ்ஸே பார்க்க, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.   அப்பா இன்னொரு கையைத் தூக்கி, காற்றில் சாவியைத் திருகிக் காட்டினார்.

 விசில்காரர் எழுதியதை அடித்துவிட்டு, திங்கக்கிழமையிலிருந்து வந்துடுங்கண்ணே என்றார். அடுத்த ஸ்டாப்பையாவது கூப்பிடுங்க என்றும் சொன்னார்.

அப்பா கூப்பிட்டார். அம்மாவும் நானும் தண்ணீர்த் தொட்டியில் ராஜமரியாதையோடு இறங்கினோம். வீட்டு வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. சாவி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மாவோ, மத்தியானம் வந்துடுவாருடி என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கதவில் சாய்ந்து, தூங்கியே விட்டாள். நான் துணிக்கடைக்கு மட்டம் போட்டுவிட்டு, அவள் முகத்தில் வெயில் விழாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டிருந்தேன். நான் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அம்மாதான் போய் அப்பாவுக்காக நின்றிருக்கிறாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் தெருமுனையில் காக்கிச் சட்டை தெரிந்தது. அப்பா வாசலைப் பார்த்தார், தூங்குகிற அம்மாவைப் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார். வழக்கம்போல் பூனை நடை போட்டு வரப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே நின்றார். மூச்சை இழுத்தார்.

"தண்ணித் தொட்டியெல்லாம் இறங்குங்க!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அம்மா அலறிப் புடைத்து விழித்து, பையைத் தேடி, எழுந்து நிற்கப் போய், வாசலும் வெயிலும் அவரும் கண்ணில் பட்டபின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடியை ஒதுக்கிக்கொண்டு அவர் கிட்டே வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேக்குதுங்க. எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்றாள்.